கைக்கு எளிது, அதிர்வுக்கு அரிது
கைக்கருவிகளின் கதை – 9

எலக்ட்ரிக் டூத் பிரஷ்ஷின் பேட்டரியை ஏன் உள்ளேயே வைத்து மூடிவிடுகிறார்கள் என்று சென்ற வாரம் பார்த்தோம். பேட்டரி ஓய்ந்துபோக ஆண்டுக்கணக்கில் ஆகும். அதற்கு வெகு முன்பே தேய்ந்துபோவது பிரஷ்ஷின் தலை. மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை பிரஷ்ஷை மாற்றிவிட வேண்டும் என்பது அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் பரிந்துரை. அதன்படி நடந்தால், ஐந்தாண்டு உழைக்கும் ஒரு கைப்பிடியில் பதினைந்து முதல் இருபது தலைகள் ஏறி இறங்கும். ஷேவரின் வெட்டும் தலை, ட்ரிம்மரின் சீப்பு, ஹேர் டிரையரின் முனை எல்லாமே இப்படிக் கழற்றி மாட்டப்படுபவைதான். ஆனாலும் விளம்பரங்கள் மோட்டாரின் வேகத்தைப் பேசுகின்றனவே தவிர, தலை கைப்பிடியோடு சேரும் அந்தச் சிறு இடத்தைப் பற்றி மூச்சுவிடுவதில்லை. அந்த இணைப்பு சரியாக அமையாவிட்டால் மற்ற சிறப்புகள் அத்தனையும் வீண் என்பதே என் வாதம். மாற்றுவது தொல்லையாக இருந்தால் மனிதர்கள் தள்ளிப்போடுவார்கள். மழுங்கிய பிளேடும் வளைந்த நார்களும் மாதக்கணக்கில் தோலிலும் ஈறிலும் உராய்ந்துகொண்டிருக்கும்.

இணைப்பு தாங்க வேண்டிய சுமையை முதலில் கணக்கிடுவோம். சோனிகேர் வகை பிரஷ் நிமிடத்துக்கு 31,000 முறை அசைகிறது. இரண்டு நிமிடம் துலக்கினால் 62,000 அசைவு. நாளுக்கு இருமுறை என்றால், 90 நாளில் 1 கோடியே 11 லட்சத்தைத் தாண்டிவிடும். இத்தனை அதிர்வுக்கும் ஈடுகொடுக்கத் திருகு மரைதான் உறுதியானது என்று தோன்றும். உண்மை வேறு. பக்கவாட்டில் தொடர்ந்து அதிரும் இடத்தில் மரை தானாகவே கழன்றுவரும் என்பதை 1969-ல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் சோதித்துக் காட்டினார். பழைய சோனிகேர் மாதிரிகளில் தலையைத் திருகு வளையம் போட்டு முடுக்க வேண்டியிருந்தது. பின்னர் வந்தவற்றில் நேராக அழுத்தி மாட்டும் முறை இடம்பிடித்தது. இதன் பின்னுள்ள சூத்திரம், வேலை செய்யும் விசையையும் கழற்றும் விசையையும் வெவ்வேறு திசைகளில் பிரித்துவிடுவது. சட்டைப் பொத்தானை நினைத்துப் பாருங்கள்: துணி எவ்வளவு இழுத்தாலும் அவிழாது, விரல் சற்றுச் சாய்த்தால் உடனே அவிழும். பிரஷ்ஷிலும் அப்படித்தான். தண்டின் ஒரு பக்கத்தைத் தட்டையாக்கிவிட்டால் தலை அதன்மேல் சுழல முடியாது. பக்கவாட்டு அசைவை உலோகத் தண்டே தாங்கிக்கொள்ளும். நேராக இழுத்தால் மட்டும் சிறு வில் வழிவிடும்.

அடுத்தது கை. குளியலறையில் கை ஈரமாக இருக்கும், சோப்பு வழுக்கும், வெளிச்சம் குறைவாக இருக்கும். மூட்டுவாதம் உள்ள முதியவருக்கு இரு விரலால் கிள்ளிப் பிடித்து, அதே நேரத்தில் திருகி இழுப்பது பெரும்பாடு. ஆகவே ஒரே அசைவில் கழல வேண்டும். பிடிக்க அகலமான, சொரசொரப்பான இடம் வேண்டும். தவறான பக்கம் மாட்டவே முடியாதபடி வடிவம் அமைய வேண்டும். சரியாகப் பொருந்தியதும் ‘கிளிக்’ என்று காதுக்கும் விரலுக்கும் தெரிய வேண்டும். பிளாஸ்டிக் கொக்கியில் உள்ளே போகும் சரிவைச் சாய்வாகவும் வெளியே வரும் சரிவைச் செங்குத்தாகவும் வைத்தால், மாட்டுவது எளிதாகும். தானாகக் கழல்வது கடினமாகும். டைசன் நிறுவனம் 2016-ல் வெளியிட்ட ஹேர் டிரையரில் முனைகள் காந்தத்தால் ஒட்டிக்கொள்கின்றன. எந்தக் கோணத்திலும் திருப்பலாம். அங்கேயும் கவனம் தேவை: சாதாரண நியோடிமியக் காந்தம் சுமார் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வலுவிழக்கத் தொடங்கும். சூடான காற்று வரும் இடத்தில் வெப்பம் தாங்கும் ரகத்தைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். ஈரம் புழங்கும் சாதனங்களில் இணைப்புக்குள் தண்ணீர் தேங்காமல் வடியவும், விரலோ துணியோ போய்த் துடைக்கவும் இடம் விடாவிட்டால் அழுக்கும் பூஞ்சையும் குடியேறும்.

எளிதில் கழல்வது எளிதில் தெறிக்காதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 2012 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஸ்பின்பிரஷ் வகை பிரஷ்கள் குறித்து எச்சரிக்கை விடுத்தது. பயன்படுத்தும்போதே தலை கழன்று சிறு பாகங்கள் சிதறியதாகவும், பல் உடைந்ததாகவும், வாயில் வெட்டுக்காயம் பட்டதாகவும், துண்டுகள் தொண்டையில் சிக்கியதாகவும் புகார்கள் வந்திருந்தன. தலை இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, வாயில் வைக்குமுன் வெளியே ஓட்டிப் பார்க்கும்படி அந்த நிர்வாகம் மக்களுக்குச் சொன்னது. இதைக் காட்டி, எளிதாக மாற்றும் வசதியே கூடாது என்று முடிவுகட்டுவது தவறு. ஆபத்து இறுக்கத்தில் உண்டாகும் குறையிலிருந்து வருகிறது; காலம் கடந்தும் தலையை மாற்றாமல் ஓட்டினால் அந்தக் குறை கூடும். மாற்றுவதற்குக் கடினமான இணைப்பு இந்த ஆபத்தை வளர்க்கவே செய்யும். சரியாகப் பொருந்தியதைக் காட்டும் ஒலியும், தேய்ந்ததும் நிறம் மாறும் நாரும் பாதுகாப்பின் உறுப்புகள்.

நிறுவனங்கள் சொல்லும் மறுப்பு இன்னும் வலுவானது. தலையும் மோட்டாரும் ஒன்றாக அதிரும் ஓர் அமைப்பு. தலையின் எடை மாறினால் அதிர்வின் இசைவு கெடும். எல்லோருக்கும் பொதுவான இணைப்பு வந்தால் புதுமைக்கு இடமிராது என்கிறார்கள். முதற்பாதி உண்மை. ஆனால், தலையின் எடையும் விறைப்பும் எவ்வளவு இருக்கலாம் என்பதை அளந்து வெளியிட முடியும். கைப்பிடிக்குள் எதையும் மாற்றலாம், வெளியே நீட்டியிருக்கும் தண்டு அப்படியே இருந்தால் போதும். நாய்களுக்கு முடி வெட்டும் கிளிப்பர்களைப் பாருங்கள். ஆஸ்டர் நிறுவனத்தின் ‘ஏ5’ பிளேடு வடிவத்தை ஆண்டிஸ், வால் போன்ற போட்டியாளர்களும் ஏற்றுக்கொண்டார்கள். தொழில் செய்பவர் ஒரு நிறுவனத்தின் கிளிப்பரில் இன்னொரு நிறுவனத்தின் பிளேடை மாட்டலாம். அதனால் அந்தத் தொழில் தேங்கிப்போகவில்லை. சட்டமும் இந்தத் திசையில் ஓர் எல்லையை வரைந்திருக்கிறது. மூன்று தலை ஷேவரின் முகப்பு வடிவத்தை பிலிப்ஸ் வணிகச் சின்னமாகப் பதிந்திருந்தது. அதை வைத்து ரெமிங்டன் மீது தொடுத்த வழக்கில், 2002 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது: தொழில்நுட்பப் பயனுக்காகவே அமைந்த வடிவத்தை, அதே பயனை வேறு வடிவங்களால் அடைய முடிந்தாலும், வணிகச் சின்னமாக்கிக்கொள்ள முடியாது. காப்புரிமைக்குக் கால வரம்பு உண்டு. அது முடிந்ததும் வடிவம் எல்லோருக்கும் சொந்தம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் முதல் கைபேசி உள்ளிட்ட பல சாதனங்களுக்கு யூஎஸ்பி-சி சார்ஜரைக் கட்டாயமாக்கியது. அந்தப் பட்டியலில் எலக்ட்ரிக் பிரஷ்ஷும் ஷேவரும் இல்லை. சார்ஜருக்கு ஒரே வடிவம் சாத்தியம் என்றால், பிரஷ் தலைக்கும் சாத்தியமே. அதுவரை தயாரிப்பாளர்களிடம் நாம் கேட்க வேண்டியவை இரண்டு: மாற்றுத் தலை எத்தனை ஆண்டுகள் கிடைக்கும் என்று பெட்டியிலேயே அச்சிடுங்கள், இணைப்பின் அளவுகளை வெளியிடுங்கள். வாங்குபவரும் கடையில் மோட்டாரின் வேகத்தைக் கேட்பதற்கு முன் தலையை ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்க்கட்டும், மாற்றுத் தலையின் விலையைக் கேட்கட்டும். இந்தக் கேள்விகள் கடை கடையாக எழுந்தால், இணைப்பைப் பற்றி யோசிக்காத நிறுவனமும் யோசித்தே தீரும்.

அடுத்த வாரம்: தண்ணீர் புகாத உறை எப்படி உருவாகிறது?

(தொடரும்)