வாசிக்கவும் குறிப்பெழுதவும் ஒரு சிறு டேப்லெட்

பேருந்துப் பயணத்திலும், மருத்துவமனை வராந்தாவிலும், ஆராதனைக்கு முந்திய அரைமணி நேரத்திலுமே வாசிக்க வாய்ப்புப் பெறுகிறவர்கள் நாம். கனத்த விளக்கவுரை நூல்களை எங்கும் சுமந்து செல்ல இயலாது. ஆகவே ஆயர்களும் மாணவர்களும், 'எந்த டேப்லெட்டை வாங்கலாம்?' என நம்மை வினவுகின்றனர். விலையிலிருந்து இவ்வாராய்ச்சியைத் தொடங்குவது தவறு. எவ்வகை நூல்களை வாசிக்கப் போகிறோம் என்பதே முதற்கேள்வி.

மின்நூல்கள் பெரும்பாலும் இருவகையின. ஈபப் நூலில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கேற்பத் தாமே மடங்கி அமையும். பிடிஎஃப் நூலிலோ பக்கம் அச்சிட்டபடியே நிற்கும். திரை சிறுத்தால் எழுத்தும் சிறுக்கும். நமக்குக் கிடைக்கும் பழைய தமிழ் நூல்களுள் பல, பக்கங்களைப் படமெடுத்துச் சேர்த்த பிடிஎஃப்களே. ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர், உயரம் 297. குறுக்களவு 6 அங்குலமுள்ள திரையோ ஏறத்தாழ 91க்கு 122 மில்லிமீட்டர்தான். தாளில் 12 புள்ளி அளவாயிருந்த எழுத்து அதில் 5 புள்ளியாகிவிடும். எபிரெய எழுத்தின் அடியில் இரு புள்ளிகள் உள்ளனவா, மூன்று புள்ளிகள் உள்ளனவா என்று தெரியாமல், ஸேரேயையும் ஸெகோலையும் நாம் மாற்றி வாசித்ததுண்டு. வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு இது வீண் வருத்தம். 10.3 அங்குலத் திரையில் அதே எழுத்து 8 புள்ளிக்குச் சற்று மேல் நிற்கும். 8 அங்குலத் திரை கைக்கு அடக்கமானது. ஈபப் நூல்களுக்கு மிக நன்று, பிடிஎஃப்புக்கு ஒருவாறு போதும்.

அடுத்தது திரையின் தன்மை. மின்-மைத் திரையில், மின்னேற்றம் பெற்ற கரிய, வெண்ணிறத் துகள்கள் நுண்ணிய உறைகளுக்குள் மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாகின்றன. பக்கம் மாறும்போது மட்டுமே அத்திரைக்கு மின்சாரம் வேண்டும். வெயிலிலும் தாளைப்போல் வாசிக்கலாம். ஆனால் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டி ஒப்பிடுவதில் அது மந்தம். ஐபேட் மினி போன்ற ஒளித்திரைக் கருவிகள் இவ்வகையில் விரைவானவை. நிறப்படங்களும் தெளிவாய்த் தெரியும். எனினும் பிரசங்க ஆயத்தத்தின் நடுவே வாட்ஸ்அப் ஒலிப்பதும் அவற்றில்தான்! இக்காரணத்தினாலேயே நாம் மின்-மையின் பக்கம் சாய்கிறோம்.

எழுதுவதற்கு, 2017இல் வந்த ரிமார்க்கபிள், 2022இல் வந்த கிண்டில் ஸ்கிரைப் போன்ற மின்-மைக் கருவிகள் உள்ளன. மின்கலமின்றி இயங்கும் பேனா உள்ளதாயின் நலம். அதற்குச் சார்ஜ் ஏற்றும் கவலை இல்லை. மலிவான ரப்பர் முனைப் பேனாவால் நூலின் ஓரத்தில் நுண்குறிப்பு எழுத முடியாது. உள்ளங்கை பட்ட இடத்திலும் கோடு விழும்.

இங்கே நமது இழப்பு ஒன்றைச் சொல்லவேண்டும். இரண்டாண்டுகளாய் எழுதிய வகுப்புக் குறிப்புகளும் அடக்க ஆராதனைச் செய்திகளும் ஒரே கருவியில் இருந்தன. ஒருநாள் அது இயங்க மறுத்தது. பழுது பார்த்தவர் திரையை மீட்டுத் தந்தார். குறிப்புகளை மீட்க முடியவில்லை. அவை அக்கருவிக்கு மட்டுமே விளங்கும் வடிவில், வேறெங்கும் நகலின்றி இருந்தன. மரித்தோரின் குடும்பத்தார் நம்மிடம் சொல்லி நாம் எழுதி வைத்த வாழ்க்கைச் செய்திகளை இனி யாரிடம் போய்க் கேட்பது? ஆகவே, குறிப்புகளைப் பிடிஎஃப்பாக வெளியே எடுக்க இயலாத கருவியை, எவ்வளவு மலிவாயினும் வாங்கவேண்டாம். எடுக்க இயலுமாயின், திங்கட்கிழமைதோறும் எடுத்து வேறோரிடத்தில் வைத்தல் வேண்டும்.

பணம் குறைந்த மாணவருக்கு 6 அங்குல வாசிப்புக் கருவியும் ஒரு கோடிட்ட நோட்டுப்புத்தகமும் போதும். பெரிய கருவியே வாங்குவதாயின், தம்மிடமுள்ள பிடிஎஃப்களில் மிகப் பொடி எழுத்துடையதைக் கடைக்குக் கொண்டுசென்று, அதைத் திரையில் திறந்து, கண்ணாடி அணிந்து ஒரு பக்கம் முழுவதையும் வாசித்துப் பார்ப்பாராக. கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் பொருட்படுத்த வேண்டாம்.