இரைச்சலுக்குள் இருக்கும் சுரம்

ஃபிளேஞ்சர் பெடல் என்றதும் மின்கிட்டார் வாசிப்பவரின் காலடியில் இருக்கும் சின்னப் பெட்டிதான் பலருக்கு நினைவுக்கு வரும். அதன் முழு ஆற்றல் கிட்டாரைவிட இரைச்சலில்தான் வெளிப்படும். இது உண்மையென்றால், இலங்கை மலையகத்தில் ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இசை செய்ய முனையும் இளைஞர்களுக்கு இது மிகவும் ஏற்ற கருவி. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் தகரக் கூரையில் மழை இறங்கும் ஓசை, கொழுந்து வாட்டும் தொட்டிகளின் முனையில் ஓயாமல் சுழலும் பெரிய விசிறிகள், டெவன் நீர்வீழ்ச்சியின் பேரிரைச்சல், விடியலில் வேலைக்கு ஆள் சேர்க்கும் பெரட்டுக்குக் கூப்பிட அடித்த தப்புப் பறை என்று அங்கே ஒலிக்குப் பஞ்சமில்லை. இவற்றை இசைக்கு இடைஞ்சலாகப் பார்க்கும் பழக்கம்தான் நம்மைத் தடுக்கிறது.

காரணம் பெட்டி வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. உள்ளே வரும் ஒலியை அது இரண்டாக்கி, ஒன்றை நேராக விட்டு, மற்றதைச் சில மில்லி விநாடி தாமதித்து, மறுபடி இரண்டையும் சேர்க்கிறது. தாமதம் 1 மில்லி விநாடி என்றால் 1000, 2000, 3000 ஹெர்ட்ஸ் அதிர்வுகள் ஒன்றையொன்று வலுப்படுத்தும். 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் அதிர்வுகள் ஒன்றையொன்று அழிக்கும். ஒலியின் மேல் ஒரு சீப்பை வைத்து வாரியதுபோல இடைவிட்டு இடைவிட்டுப் பள்ளங்கள் விழும். தாமதத்தை மெல்லக் கூட்டிக் குறைத்தால் அந்தப் பள்ளங்கள் மேலும் கீழும் நகரும். விமானம் தலைக்கு மேல் கடப்பது போன்ற அந்தச் சுழலோசை அப்போதுதான் எழும். 1960களில் ஒரே பதிவை இரண்டு டேப் இயந்திரங்களில் ஓடவிட்டு, ஒன்றின் சுருள் விளிம்பை விரலால் அழுத்தித் தாமதப்படுத்தி இதைச் செய்தார்கள். 1967இல் ஸ்மால் ஃபேசஸ் குழு வெளியிட்ட 'இச்சிகூ பார்க்' பாடலில் அதைத் தெளிவாகக் கேட்கலாம். டிரம்ஸ் அடியில்தான் அது மிகவும் துலங்குகிறது. கிட்டாரின் ஒற்றைச் சுரத்தில் சில குறிப்பிட்ட அதிர்வுகளே உண்டு என்பதால் பள்ளங்களில் பெரும்பாலானவை வெற்றிடத்தில் விழுந்து வீணாகின்றன. மழை, விசிறி, தப்பின் மெல்லிய குச்சி எழுப்பும் சடசடப்பு ஆகியவற்றிலோ கீழிருந்து மேல்வரை எல்லா அதிர்வுகளும் நிறைந்திருக்கின்றன. அங்கே எந்தப் பள்ளமும் வீண்போவதில்லை.

பல முறைகளில் இயங்கும் பெடல்கள் இந்த இடத்தில்தான் உதவுகின்றன. எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் 1970களில் கொண்டுவந்த எலக்ட்ரிக் மிஸ்ட்ரஸில் 'ஃபில்டர் மேட்ரிக்ஸ்' என்றொரு நிலை உண்டு. அதில் தானாக நடக்கும் அசைவு நின்றுவிடும். குமிழைத் திருப்பும் கைதான் தாமதத்தைத் தீர்மானிக்கும். வாட்டுத் தொட்டி விசிறியின் பதிவை அதன் வழியே விட்டு, ஒலியைத் திரும்ப உள்ளே செலுத்தும் குமிழைக் கூட்டினால், சுரமே இல்லாத அந்த ஓசையில் ஒரு சுரம் பிறக்கும். தாமதத்தை 2 மில்லி விநாடியிலிருந்து 4 ஆக்கினால் அந்தச் சுரம் சரியாக ஒரு ஸ்தாயி இறங்கும். இப்படி விசிறியைக் கொண்டே மெதுவான ஒரு மெட்டை வாசித்துவிடலாம். பாஸ் நிறுவனத்தின் பிஎஃப்-3 பெடலில் இருக்கும் 'மொமென்டரி' நிலை வேறு வகை: காலால் அழுத்தும்வரை மட்டுமே விளைவு கேட்கும். தப்புக்கு ஏற்றது இதுதான் என்பேன். பத்துச் சுற்று இயல்பாக அடித்துவிட்டு, பதினோராவது சுற்றின் கடைசி நான்கு அடிகளை மட்டும் சுழலவிட்டால் தாளமும் கெடாது, கேட்பவரும் நிமிர்ந்து உட்காருவார்.

இரைச்சலில் சுரம் எழுப்புவது செயற்கை வித்தை என்று சொல்வோருக்கு வரலாறே பதில் சொல்கிறது. 1693இல் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ், பிரான்சின் ஷாந்தியி மாளிகையில் நீரூற்றுக்கும் பெரிய கற்படிக்கட்டுக்கும் நடுவே நின்றபோது ஊற்றின் இரைச்சலில் ஒரு சுரம் கேட்பதைக் கவனித்து எழுதினார். ஏறக்குறைய ஒன்றரை அடி அகலமுள்ள ஒவ்வொரு படியும் ஒலியைச் சிறு தாமதத்துடன் திருப்பி அனுப்பியதே காரணம். நீரும் கல்லும் சேர்ந்து ஃபிளேஞ்சர் வேலையைச் செய்திருக்கின்றன. அருவியோரப் பாறைச் சுவருக்கு அருகே காதைக் கொண்டுபோய் மெல்ல விலக்கிப் பார்க்கும் எவரும் இதை மலையகத்திலும் கேட்கலாம்.

பெடல் மரபைக் கெடுத்துவிடும் என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. அதில் பாதியை நான் ஏற்கிறேன். மாசியில் நடக்கும் காமன் கூத்தில் பாத்திரத்துக்கும் கட்டத்துக்கும் ஏற்பத் தப்படி மாறுகிறது. அந்த அடிகளைப் புரிந்துகொள்ளும் காதுகள் சுற்றி நிற்கின்றன. அங்கே பெடலை நுழைப்பது பேசிக்கொண்டிருப்பவரின் வாயை மூடுவதற்குச் சமம். கூத்துக் களத்தில் அது கூடவே கூடாது. ஆனால் தப்பின் ஓசை மாற்றவே கூடாத ஒன்று என்பது சரியல்ல. தோலை நெருப்பில் காட்டி முறுக்கேற்றித் தன் ஓசையைத் தானே அமைத்துக்கொள்பவர்தான் தப்புக் கலைஞர். புதிய மேடைக்கும் ஒலிப்பதிவுக்கும் அவருடைய சம்மதத்தோடு, அவரையே குமிழருகில் உட்காரவைத்து அந்த ஓசையை இன்னொரு படி நகர்த்துவதில் பிழை காண முடியாது.

செலவு பற்றிய கவலை நியாயமானதே. தோட்டச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துப் பிள்ளைக்கு வெளிநாட்டுப் பெடல் எட்டாத பொருள். ஆனால் ஒரே பதிவை இலவச மென்பொருளில் இரண்டு தடங்களாக வைத்து, ஒன்றைச் சில மில்லி விநாடி தள்ளினாலே அந்தச் சீப்பு கிடைத்துவிடும். பழைய டேப் முறையும் இதுதானே. பெடல் கிடைத்தவர்கள் மைக்கை நேரே அதில் செருகாமல் மிக்ஸர் வழியாக அனுப்பி, திரும்ப வரும் ஒலியை இன்னொரு சேனலில் வாங்க வேண்டும். திரும்பச் செலுத்தும் குமிழைக் கவனமின்றிக் கூட்டினால் ஒலிபெருக்கி ஊளையிடும்.

எதற்கும் முதலில் பதிவு செய்யுங்கள்; இந்த ஓசைகள் நிலையானவை அல்ல. மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்த பிறகு சென்கிளையார் நீர்வீழ்ச்சியின் நீர்வரத்தே கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. லயங்களின் தகரக் கூரைகளும் என்றைக்கும் இருக்கப்போவதில்லை. தொழிற்சாலைக்குள் போவதானால் அனுமதி கேளுங்கள், தப்புக் கலைஞருக்கு உரிய கூலி கொடுங்கள், பெடலில் விடாத மூலப் பதிவை இடமும் நாளும் எழுதித் தனியாகப் பத்திரப்படுத்துங்கள்.