பிள்ளை கற்றதை அளப்பது எங்ஙனம்?

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியானதும், மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை பாடசாலை வாயில்களில் பதாகைகள் எழுவது வழக்கம். வெட்டுப்புள்ளியைத் தாண்டிய சிறார்களின் முகங்களும் புள்ளிகளும் அவற்றில் விளங்கும். ஊரார் மகிழ வேண்டிய காட்சியே அது. ஆயினும், பதாகையில் இடம்பெறாத ஏனைய பிள்ளைகள் அதே ஐந்தாண்டுகளில் எதைக் கற்றார்கள் என்னும் வினாவுக்கு அதிலே விடை இல்லை.

இப்பரீட்சை தோன்றிய காரணத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1940களில் கல்வி மந்திரியாயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா நாடெங்கும் மத்திய கல்லூரிகளை நிறுவியபோது, திறமையுள்ள கிராமத்துப் பிள்ளையை அங்கே கொண்டு சேர்ப்பதற்கு ஒரு வழி தேவைப்பட்டது. அத்தேவைக்கு அமைந்ததே இப்பரீட்சை. இடங்கள் சில, போட்டியிடுவோர் பலர். எல்லாப் பிள்ளைகளும் நன்றாகக் கற்றுவிட்டாலும், வெட்டுப்புள்ளிதான் உயருமேயன்றி, தேறுவோர் தொகை பெருகாது. தெரிவு செய்வதற்கு அமைந்த கருவியைக் கொண்டு ஒரு பாடசாலையின் கற்பித்தலை எடைபோடுவது பொருந்துமா?

க.பொ.த. சாதாரண தரத்தின் சித்தி வீதத்திலும் ஒரு குறையுண்டு. பரீட்சைக்குத் தோற்றியவர்களை வைத்தே அது கணிக்கப்படுகிறது. இடையிலே படிப்பை விட்டுக் கடலுக்குச் சென்றவனும், தறியிலே அமர்ந்தவளும் அக்கணக்கில் இல்லை. கட்டாயக் கல்வியின் வயதெல்லை 1998இல் பதினான்காகவும், 2016இல் பதினாறாகவும் விதிக்கப்பட்டபோதிலும், வகுப்பிலே இருப்பதும் கற்பதும் ஒன்றல்ல.

எழுத்தறிவுக் கணக்கோ இன்னும் மேலோட்டமானது. 1946ஆம் ஆண்டு நூற்றுக்கு 57.8 ஆக இருந்த இலங்கையின் எழுத்தறிவு, 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 95.7 ஆக உயர்ந்தது. இலவசக் கல்வியின் பயன் இதிலே தெளிவாகத் தெரிகிறது. எனினும் கணக்கெடுப்பவர் வீட்டாரின் வாய்மொழியைப் பதிவு செய்கிறாரேயன்றி, ஒருவர் கையிலும் ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்வதில்லை.

அளவையைப் பணத்தோடு பிணைத்தால் நேரும் கேட்டுக்கு இங்கிலாந்து சான்றாகும். அங்கே 1862 முதல் 1897 வரை, பரிசோதகர் முன்னிலையில் பிள்ளைகள் வாசித்து, எழுதி, கணக்குச் செய்யும் திறத்துக்கேற்பவே பாடசாலைகளுக்கு நன்கொடை வழங்கப்பட்டது. ஆசிரியர்கள் வாசிப்பு நூலை நெட்டுருச் செய்வித்தனர். பிள்ளைகள் தடையின்றி ஒப்புவித்தனர். வேறொரு நூலைக் கொடுத்தாலோ திகைத்தனர். பரிசோதகராகவும் கவிஞராகவும் விளங்கிய மத்தேயு ஆர்னல்ட் இதனைக் கண்டித்தார். இலங்கையின் உதவிபெறும் பாடசாலைகளிலும் இம்முறை ஒரு காலத்தில் வழங்கியது. மாதிரி வினாத்தாள்களை மனனஞ் செய்விக்கும் இன்றைய பிரத்தியேக வகுப்புகளைக் காண்போருக்கு அது பழங்கதையாகத் தோன்றாது.

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய கல்வி ஆராய்ச்சி மதிப்பீட்டு நிலையம் 2003இல் நான்காம் தர மாணவரின் அடைவை நாடளாவிய மாதிரி கொண்டு அளந்தது. மாகாணங்களின் நிலையை அறிவதற்கு இத்தகைய ஆய்வு இன்றியமையாதது. ஆனால், சாய்ந்தமருதிலே மூன்றாம் தரத்தில் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுமி வாசிக்கிறாளா என்பதை மாதிரி ஆய்வு சொல்லமாட்டாது. அதனை அறிய அவளை வாசிக்கச் சொல்லிச் செவிமடுக்க வேண்டும். இந்தியாவில் பிரதம் என்னும் நிறுவனம் 2005 முதல் செய்துவருவது இதுவே. தொண்டர்கள் வீடுதோறும் சென்று, எழுத்து, சொல், பத்தி, கதை எனப் படிப்படியாக ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் செய்கின்றனர். இக்கரையோர ஊர்களுக்கு இம்முறை புதிதன்று. ஓதப்பள்ளியிலே லெப்பை ஒவ்வொரு பிள்ளையின் பாடத்தையும் தனித்தனியே கேட்பார். பிழையின்றி ஓதும்வரை அடுத்த பாடத்துக்கு விடமாட்டார். அந்தப் பொறுமை பாடசாலையில் ஏன் இல்லாமற் போயிற்று?

குறையைக் கண்டபின் செய்யவேண்டியது என்ன? வடோதராவிலும் மும்பையிலும் 2001 முதல் 2003 வரை நடந்த ஆய்வொன்றில், அவ்வூர் யுவதிகளே ‘பால்சகி’, அதாவது சிறுவர் தோழி, என்னும் பெயரில் நியமிக்கப்பட்டனர். பின்தங்கிய பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, பாடசாலை நேரத்திலேயே நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பித்தனர். அப்பிள்ளைகளின் கற்றல் தெளிவாக முன்னேறியது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் யுவதிகள் கல்முனையிலும் நிந்தவூரிலும் சம்மாந்துறையிலும் உளர்.

இதனைத் தொடங்குதற்கு ஏற்ற காலம் மூன்றாம் தரத்தின் முதல் தவணை. புலமைப்பரிசில் பரீட்சைக்கு அப்போது இரண்டாண்டுக்கு மேல் இருக்கும். வகுப்பாசிரியர் பாடநூலில் இல்லாத ஒரு சிறு பத்தியை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியே கொடுத்துக் கேட்டால், நாற்பது பேர் கொண்ட வகுப்புக்கு மூன்று காலைப் பொழுதுகள் போதும்.