சுட்டியில்லாத் திரையில் பாட்டும் படமும்

வன்தட்டில் சேர்ந்துகிடக்கும் பாடல்களையும் திரைப்படங்களையும் ஒளிப்படங்களையும் தேடி எடுத்து இயக்குவதற்குச் சன்னல்களும் சுட்டியும் உள்ள செயலிகள் ஏராளமாக இருந்தும், எழுத்துகள் மட்டுமே தோன்றும் கருந்திரையில் விசைப்பலகையைக் கொண்டே அவ்வேலையை முடிக்கும் நிரல்களை எழுதுவோரும் விரும்புவோரும் லினக்ஸ் உலகில் குறையவில்லை. அக்கருந்திரைக்கு முனையம் என்று பெயர். ஒருகாலத்தில் அது பெருங்கணினியோடு கம்பியால் இணைக்கப்பட்ட, திரையும் விசைப்பலகையும் மட்டுமே கொண்ட தனிக் கருவியாக இருந்தது. இன்றோ, அக்கருவியைப்போல் நடந்துகொள்ளும் மென்பொருளாக மாறியிருக்கிறது.

டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1978இல் வெளியிட்ட விடி100 என்ற முனையத்தின் திரையில் 24 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள், ஆக 1,920 கட்டங்கள் இருந்தன. இன்றைய முனைய மென்பொருள்கள் பேசுவதும் பெரும்பாலும் அதன் ஆணைமொழியையே: திரைக்கு அனுப்பும் எழுத்துகளுக்கு நடுவே 27 என்ற எண்ணுடைய எஸ்கேப் குறி வந்தால், அதைத் தொடரும் சில எழுத்துகள் திரையில் தோன்றாமல், இடத்தை நகர்த்தவோ நிறத்தை மாற்றவோ இடப்பட்ட ஆணைகளாகக் கொள்ளப்படும். விநாடிக்கு 9,600 பிட் வேகமுள்ள அக்காலக் கம்பியில் விநாடிக்கு 960 எழுத்துகள் அளவே சென்றதால், முழுத்திரையை ஒருமுறை வரைய 2 விநாடி பிடித்தது. ஆகவே, இப்போதுள்ள திரையையும் அடுத்து வரவேண்டிய திரையையும் ஒப்பிட்டு, மாறிய கட்டங்களை மட்டும் அனுப்பும் கர்சஸ் என்ற நிரலகத்தை பெர்க்லியில் கென் அர்னால்டு எழுதினார். கம்பியின் வேகம் பன்மடங்கு பெருகிய பின்னரும், திரை மினுமினுக்காமல் இருப்பதற்காக அந்த உத்தி இன்றுவரை நிலைத்திருக்கிறது.

இத்தகைய செயலியை எழுதுபவர் முதலில் எதிர்கொள்வது விசைகளைப் படிக்கும் சிக்கலை. இயல்பு நிலையில் இயங்குதளம் ஒரு வரி முழுவதையும் தன்னிடம் சேர்த்துவைத்து, என்டர் விசையை அழுத்திய பிறகே நிரலிடம் தரும். ஒவ்வொரு விசையும் உடனுக்குடன் வந்துசேர வேண்டுமானால் அவ்வழக்கத்தை நிறுத்தி, பச்சை நிலை எனத்தக்க வேறொரு நிலைக்கு முனையத்தை மாற்ற வேண்டும். அந்நிலையில் செயலி பாதியில் செயலிழந்து போனால், பயனர் அடிக்கும் எழுத்துகூடத் திரையில் தெரியாத அலங்கோலத்தில் முனையம் விடப்படும் என்பதால், முனையத்தைப் பழைய நிலைக்குத் திருப்பும் பகுதியையே முதலில் எழுதிவைப்பது விவேகம். மேல்நோக்கிய அம்புக்குறி விசையும் தனி எண்ணாக வராமல், எஸ்கேப் குறியில் தொடங்கும் மூன்று பைட்டுகளாக வருகிறது. எனவே பயனர் அழுத்தியது எஸ்கேப் விசையா, அம்புக்குறியின் தொடக்கமா என்பதை அறியச் செயலி சில மில்லிவிநாடிகள் காத்திருந்து பார்க்க நேர்கிறது.

பட்டியலில் கீழே செல்ல ஜே, மேலே செல்ல கே, இடப்புறத்துக்கு எச், வலப்புறத்துக்கு எல் என்ற வழக்கம் ஏடிஎம்-3ஏ என்ற முனையத்திலிருந்து வந்தது. அதன் விசைப்பலகையில் அம்புக்குறிகள் தனி விசைகளாக இல்லாமல் இந்நான்கு எழுத்துகளின் மேலேயே பொறிக்கப்பட்டிருந்தன. அதில் வேலைசெய்த பில் ஜாய் தமது விஐ தொகுப்பானில் அவற்றை அப்படியே ஏற்றுக்கொண்டார்.

செயலியின் உள்ளமைப்பு பொதுவாக ஒரு சுழற்சி: பயனர் எந்தக் கோப்புறையில், எந்த வரியில் நிற்கிறார், என்ன தேடுகிறார் என்ற நிலைமை ஓரிடத்தில் வைக்கப்படும், ஒவ்வொரு விசையும் அந்நிலைமையை மாற்றும், மாறிய நிலைமையிலிருந்து திரை புதிதாகக் கணிக்கப்படும். கோ மொழிக்குரிய பபிள் டீ என்ற சட்டகம் எல்ம் மொழியிலிருந்து எடுத்துக்கொண்ட வடிவம் இது. கற்பதற்கு எளிய இவ்வமைப்பின் உண்மையான சோதனை, பட்டியலில் பத்தாயிரம் கோப்புகள் இருக்கும்போதுதான் தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரியும் நாற்பது ஐம்பது வரிகளை மட்டும் வரைவது எளிது. ஆனால் ஒரு திரைப்படக் கோப்பின் நீளத்தையும் முன்னோட்டப் படத்தையும் எஃப்எஃப்எம்பெக் போன்ற கருவியைக்கொண்டு எடுப்பதற்கு நேரம் பிடிக்கும் என்பதால், அவ்வேலை பின்னணியில் தனியே நடக்க வேண்டும். பயனர் ஜே விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு முப்பது கோப்புகளைத் தாண்டிப் போனால், இடையில் கேட்கப்பட்ட முன்னோட்டங்கள் கைவிடப்பட்டு, விரல் நின்ற இடத்துக்குரியது மட்டும் வரவேண்டும். சுட்டியை விட்டு முனையத்துக்கு வருவோர் தேடி வருவது இந்த வேகத்தையே. விசைக்கும் திரைக்கும் இடையே தயக்கம் தெரிந்துவிட்டால் மற்ற அழகுகளால் அச்செயலி பிழைக்காது.

கோப்பை இயக்கும் பொறுப்பைச் செயலி தானே சுமக்காமல் இருப்பது நல்ல வடிவமைப்பு. எம்பிவி என்ற இயக்கியைப் பின்னணியில் தொடங்கி, சாக்கெட் எனப்படும் உள்தொடர்பு வழியாக ‘நிறுத்து’, ‘பத்து விநாடி முன்னேறு’ என்று செய்தி அனுப்பினால் போதும். எம்பிடி என்ற இசைச் சேவையகம் இப்பிரிவினையை முழுமையாகச் செய்திருப்பதால், தேடும் திரையை மூடிவிட்ட பின்னும் அதில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும்.

எழுத்துத் திரையில் படம் காட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒரு கட்டத்தின் மேற்பாதியை நிரப்பும் குறியை ஒரு நிறத்திலும் அதன் பின்புலத்தை வேறொரு நிறத்திலும் இட்டால், ஒரு கட்டமே இரண்டு படப்புள்ளிகளாகி, 80க்கு 24 என்ற திரை 80க்கு 48 புள்ளிகள் கொண்ட மங்கலான படத்தைத் தரும். மற்றது, படத்தையே முனையத்திடம் ஒப்படைக்கும் நெறிமுறை: புள்ளி அச்சுப்பொறிகளுக்காக வகுக்கப்பட்டு, ஆறு ஆறு புள்ளிகளை ஓர் எழுத்தாக அனுப்பும் சிக்சல் பழையது; கோவிட் கோயல் எழுதிய கிட்டி முனையத்தின் நெறிமுறை புதியது. ஒளிப்படங்களைப் பார்க்க இரண்டாம் வழியே தகும். முழுத் திரைப்படத்தையும் கட்டங்களில் ஓட்டிக்காட்டுவது வித்தையாக வியக்கத்தக்கதே தவிர, எவரும் அப்படி உட்கார்ந்து பார்ப்பதில்லை.

படத்தைவிடக் கடினமானது, தமிழ்ப் பெயருள்ள கோப்பு. ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற அமைப்பு ஆங்கிலத்தை மனத்தில் கொண்டு எழுந்தது. யூனிகோடில் ‘கி’, ‘கீ’ இரண்டும் மெய்யும் உயிர்க்குறியுமாக இவ்விரண்டு குறிகளே. ஆயினும் இகரக்குறி இடம் கொள்ளும் குறி என்றும் ஈகாரக்குறி இடம் கொள்ளாத குறி என்றும் அங்கே வகைப்படுத்தப்பட்டிருப்பதால், பரவலாகப் பயன்பட்ட மார்க்கஸ் கூனின் அகலக் கணக்கு ‘கி’க்கு இரண்டு கட்டங்களும் ‘கீ’க்கு ஒன்றும் தருகிறது. முனையம் ஒரு கணக்கும் செயலி வேறொரு கணக்கும் வைத்திருந்தால் வலப்புறப் பத்திகள் கோணலாகும். பெயரை எழுதியபின் சுட்டுக்குறி எங்கே நிற்கிறது என்று முனையத்தையே கேட்டு அளப்பது நம்பகமான மாற்று. தேடலிலும் இதே வகை இடர் உண்டு: ‘கோ’ என்பதன் ஓகாரக்குறியை ஒரே குறியாகவும், ஏகாரக்குறியும் துணைக்காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம் என்பதால், இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராமல் ஒப்பிடும் செயலி, கண்முன் இருக்கும் பாடலையே இல்லை என்று சொல்லிவிடும். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் பெயரின் உச்சவரம்பு 255 பைட்டு. ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லே அதில் 15 பைட்டு எடுத்துக்கொள்வதால், நீண்ட தலைப்புகளை வெட்டும்போது ஓர் எழுத்தின் நடுவில் வெட்டாமல் பார்த்துக்கொள்வதும் செயலியின் கடமையாகிறது.

தமிழில் தேடிவிட்டு விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்ற மறக்கும் பயனருக்கு இன்னொரு தடை காத்திருக்கிறது. தமிழக அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 முறையில் எச், ஜே, கே, எல் இருக்குமிடத்தில் க, ப, ம, த இருப்பதால், அவர் ஜே என்று எண்ணி அழுத்துவது ‘ப’ ஆகச் செயலியை அடைய, பட்டியல் அசையாமல் நிற்கும். எம்பிவி தன் விசை அமைப்புக் கோப்பில் எம்மொழி எழுத்தையும் விசையாக ஏற்கிறது. தேடும் செயலியும் அவ்வாறு ஏற்குமானால், அந்நான்கு எழுத்துகளுக்கும் அதே ஆணைகளை எழுதிவைக்க நான்கு வரிகள் போதும்.