ஓஎஸ் போடும்போது முதல் 512 பைட்டில் கை வைக்கலாமா?

2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த கணினிகள் பலவற்றில் விண்டோஸும், மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் வந்து நிற்கும். பழனிக்குப் பக்கத்துக் கீரனூர் போன்ற ஊர்களில், பிளஸ் டூ பிள்ளைகளின் கணினி மெதுவானால் கடையில் கொடுத்து ‘ஃபார்மேட் அடித்து’ வாங்குவது வழக்கமாக இருந்தது. அப்படி வாங்கி வந்த பிறகு பட்டியலும் வராது, பாஸும் வராது.

விண்டோஸ் இருந்த பார்ட்டிஷனை மட்டும் அழித்துப் புதிதாகப் போட்டிருந்தால், பாஸ் வட்டிலேயே முழுசாக இருக்கும். பத்திரம் தொலைந்தாலும் நிலம் இருந்த இடத்திலேயே இருப்பதைப் போல. தொலைந்தது, வட்டின் முதல் 512 பைட்டில் இருந்த, அதை எழுப்பும் சிறு நிரல்தான்.

அந்த 512 பைட்டில் என்ன இருக்கிறது?

பழைய பயாஸ் வகைக் கணினி, ஆன் ஆனதும் வட்டின் முதல் செக்டரைப் படிக்கும். அதன் அளவு 512 பைட். அதற்கு எம்பிஆர் (முதன்மைத் துவக்கப் பதிவு) என்று பெயர். ஐபிஎம் 1983இல் ஹார்ட் டிஸ்க்கோடு விற்ற கணினியிலிருந்து வரும் ஏற்பாடு இது. முதல் 440 பைட்டில் துவக்க நிரல். அடுத்த 4 பைட்டில் வட்டின் அடையாள எண். 2 பைட் விட்டு, 64 பைட்டில் நான்கு பார்ட்டிஷன்களின் எல்லைக் கணக்கு. கடைசி 2 பைட்டில் ‘இது துவக்கச் செக்டர்தான்’ என்ற முத்திரை.

துவக்க நிரல் இருக்கும் இடம் ஒன்றே ஒன்று. அதில் கடைசியாக எழுதியவர் வைத்ததே சட்டம். விண்டோஸ் இன்ஸ்டாலர் யாரையும் கேட்காமல் தன் நிரலை அங்கே எழுதிவிடும். அந்த நிரலுக்கு லினக்ஸைத் தேடத் தெரியாது. லினக்ஸின் கிரப் என்ற துவக்க நிரலோ 440 பைட்டில் அடங்காது. அதனால் எம்பிஆருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவே காலியாகக் கிடக்கும் செக்டர்களிலும் அது குடியேறும்.

நல்ல இன்ஸ்டாலர் என்ன செய்ய வேண்டும்?

முதலில், வட்டில் ஏற்கெனவே என்னென்ன ஓஎஸ் இருக்கிறது என்று தேடிப் பார்த்துச் சொல்ல வேண்டும். டெபியன் இன்ஸ்டாலர் இதைச் செய்கிறது; கண்டவற்றைப் பட்டியலிட்டு, கிரப்பை எழுதலாமா என்று அனுமதியும் கேட்கிறது.

இரண்டாவது, எந்த வட்டில் எழுதுவது என்று கேட்க வேண்டும். ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி, இன்ஸ்டால் செய்யும் பென்டிரைவ் என மூன்றும் செருகியிருக்கும்போது இன்ஸ்டாலர் தானாக ஊகித்தால், கிரப் பென்டிரைவில் போய் உட்கார்ந்துவிடக்கூடும். அப்போது பென்டிரைவைக் கழற்றினால் புதிய ஓஎஸ் எழாது.

மூன்றாவது, எழுதுவதற்கு முன் பழையதை நகலெடுத்து வேறொரு இடத்தில் வைக்க வேண்டும். முதல் செக்டர் மட்டும் போதாது. கிரப்பின் மிச்சப் பகுதியும் சேர, முதல் பார்ட்டிஷன் வரை உள்ள இடத்தை எடுக்க வேண்டும். புதிய வட்டுகளில் அது பெரும்பாலும் 2048 செக்டர், அதாவது 1 எம்பி. திருப்பி எழுதும்போது எம்பிஆரில் 440 பைட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். முழு 512 பைட்டையும் எழுதினால், இடையில் பார்ட்டிஷன் மாற்றியிருந்தவரின் எல்லைக் கணக்கு பழையபடி ஆகிவிடும்; கோப்புகளுக்கே ஆபத்து. அடையாள எண்ணையும் தொடக் கூடாது. அது மாறினால் விண்டோஸ் தன் வட்டையே அடையாளம் காணாமல் நின்றுவிடலாம்.

புதிய கணினிகளில்

பயாஸுக்கு மாற்றாக யூஇஎஃப்ஐ வந்த பிறகு ஒற்றை இடத்துக்கான போட்டி குறைந்தது. துவக்க நிரல்களுக்கென்றே ஒரு சிறு பார்ட்டிஷன் உண்டு. அதில் ஒவ்வொரு ஓஎஸ்ஸுக்கும் தனி ஃபோல்டர். யார் முதலில் எழுவது என்ற வரிசை மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கும். இங்கே இன்ஸ்டாலரின் கடமை எளிது: தன் ஃபோல்டரைச் சேர்க்கலாம், அந்தப் பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்யக் கூடாது, வரிசையில் தன் பெயரைச் சேர்க்கலாம், மற்றவர் பெயரை அடிக்கக் கூடாது. பழைய ஓஎஸ் பயாஸ் முறையில் இருக்க, புதியதை யூஇஎஃப்ஐ முறையில் போட்டால் ஒன்றின் பட்டியலிலிருந்து இன்னொன்றை எழுப்புவது கடினம். இதையும் இன்ஸ்டாலர் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும்.

ஆக, துவக்கப் பதிவு கணினியின் சொந்தக்காரருடையது. எந்த ஓஎஸ்ஸுக்கும் அது தனிச்சொத்து இல்லை. இரண்டு ஓஎஸ்ஸும் வேண்டுமென்றால் விண்டோஸை முதலிலும் லினக்ஸைப் பிறகும் போடுங்கள். லினக்ஸ் காணாமல் போனால் உடனே ஃபார்மேட் செய்ய வேண்டாம். லைவ் பென்டிரைவில் கணினியை எழுப்பி, கிரப்பை மட்டும் திரும்பப் போட்டால் பெரும்பாலும் வந்துவிடும். கடையில் கொடுப்பதாக இருந்தால், “இதில் இரண்டு ஓஎஸ் இருக்கு, லினக்ஸ் பார்ட்டிஷனைத் தொடாதீங்க, முடிச்சதும் இரண்டும் வருதான்னு காட்டுங்க” என்று முன்பே சொல்லிவிடுங்கள்.