நள்ளிரவில் மீனம்பாக்கம்

சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் வரும் விமானங்களிற் பல நடுநிசியை ஒட்டியே சென்னை மீனம்பாக்கத்தில் இறங்குவதால், குடியேற்றச் சோதனையையும் சுங்கத்தையும் கடந்து பிரயாணி பெட்டிகளோடு வெளியே வரும் வேளையில், 2016-ஆம் ஆண்டு முதல் விமான நிலையத்தைத் தொட்டு நிற்கும் மெட்ரோ ரயில், இரவு 11 மணி அளவில் தன் கடைசி வண்டியை அனுப்பிவிட்டு ஓய்ந்திருக்கும். ஜி.எஸ்.டி. சாலைக்கு அப்பால் திரிசூலம் ஸ்டேஷன் இருக்கிறது. 1931 முதல் மின்சார வண்டி ஓடிவரும் கடற்கரை–தாம்பரம் மார்க்கம் அது. ஆயினும் நள்ளிரவுக்குப் பின் அதிகாலை 4 மணி வரையில் அங்கும் வண்டி இல்லை. இத்தனை ஜனங்கள் வந்திறங்கும் ஜாமத்தில் ரயில் இல்லாதிருப்பது பெருங்குறை என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆகவே மிஞ்சுவது டாக்ஸி. வாசலிலேயே வந்து அழைப்பவரைப் பின்தொடராமல், பிரீபெய்டு டாக்ஸி கவுண்டரில் போகுமிடத்தைச் சொல்லிப் பணத்தைக் கட்டி ரசீது பெற்றுக்கொள்வதே க்ஷேமகரமானது. ஏனெனில் வாடகை அங்கேயே நிர்ணயமாகிவிடுவதால் வழியில் தர்க்கத்துக்கு இடமிராது. ரசீதைக் கடைசிவரை கையில் வைத்திருப்பது அவசியம். செல்போன் செயலியில் அழைக்கும் வண்டிகளோ 2022 இறுதியில் திறக்கப்பட்ட பல அடுக்கு வாகன நிறுத்தத்திலிருந்தே ஏற்றிச்செல்வதால், வயோதிகர்களையும் குழந்தைகளையும் உடன் அழைத்து வருவோர், அதுவரை நடக்கவேண்டிய தூரத்தையும் உத்தேசித்தே தீர்மானிக்க வேண்டும். வண்டியில் ஏறுமுன் எண்ணைச் சரிபார்த்து, வீட்டாருக்கும் அதைத் தெரிவித்துவிடலாம். அவசரமில்லாதவர்கள், முக்கியமாகத் தனியே வரும் ஸ்திரீகள், வெளிச்சமும் ஜனநடமாட்டமும் உள்ள நிலைய வளாகத்திலேயே அமர்ந்திருந்து, விடியற்காலை மெட்ரோவிலோ மின்சார ரயிலிலோ ஏறிக்கொள்ளலாம்.