மூச்சு வாங்குதா? முதல்ல மூக்கைப் பாருங்க!

கோரிப்பாளையம் சிக்னல். பச்சை விழுந்திருச்சு. பின்னாடி டவுன் பஸ், பக்கத்துல ஷேர் ஆட்டோ, நடுவுல நாங்க. ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதிச்சாலும் கார், பந்தியில இருந்து எந்திரிக்கிற பெருசு மாதிரி மெதுவா அசையுது. விழுந்த ஹாரன் சத்தத்துல ஜி.ஹெச். வார்டே முழிச்சிருக்கும்!

அப்பா சுங்குடிச் சேலை வியாபாரி. வாராவாரம் தேனி, போடின்னு இந்தப் பழைய டீசல் கார்லதான் சரக்கு போகும். அன்னிக்கு ஆண்டிப்பட்டி கணவாய் ஏறும்போது செகண்ட் கியரைத் தாண்டவே இல்லை. மெக்கானிக் அண்ணே வந்து பார்த்தார், ஓட்டினார், உதட்டைப் பிதுக்கினார். "டர்போ போச்சுண்ணே. முப்பத்தஞ்சாயிரம் ஆகும்."

வீட்டு பீரோவுல இருந்ததே தங்கச்சியோட செமஸ்டர் ஃபீஸ்தான். "வண்டி ஓடுனாத்தான் சோறு. ஃபீஸை அபராதத்தோட கட்டிக்கலாம்"னு அப்பா சொன்னப்ப அவ எதுவும் பேசலை. மெக்கானிக்கல் தேர்ட் இயர் படிக்கிற என் நண்பன்தான் வாயைத் திறந்தான். "அப்பா, ஒரு வாரம் டைம் கொடுங்க. மாத்துறதுக்கு முன்னாடி அளந்து பார்த்துருவோம்."

காத்தை எடை போடும் கில்லாடி

டீசலை மிக அதிக அழுத்தத்துல ஒரு பொதுக்குழாயில சேமிச்சு, கம்ப்யூட்டர் சொல்ற அளவுக்கு மட்டும் பீச்சுறதுதான் காமன் ரெயில். கார்கள்ல இதை முதல்ல கொண்டு வந்தது 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156. நம்ம ஊர்ல 2002-ல் ஹூண்டாய் ஆக்சென்ட் சி.ஆர்.டி.ஐ.-யும் இதோட வந்துச்சு. அன்னியிலேர்ந்து டீசல் காரும் ஒரு கம்ப்யூட்டரைக் கேட்டுத்தான் ஓடுது.

அந்தக் கம்ப்யூட்டருக்கு மூக்கு மாதிரி இருக்குறது ஏர் ஃப்ளோ சென்சார். ஏர் ஃபில்டர் பெட்டியைத் தாண்டினதும் குழாய்க்குள்ள இருக்கும். உள்ளே ஒரு மெல்லிய படலம் மின்சாரத்தால சூடாகிக்கிட்டே இருக்கும். போற காத்து அதைக் குளிர வைக்கும். சூடான டீயை ஊதினா ஆறுதுல்ல? எவ்வளவு வேகமா ஊதுறோமோ அவ்வளவு சீக்கிரம் ஆறும். அதே கதைதான். எவ்வளவு குளிருதுன்னு பார்த்து, எவ்வளவு காத்து போகுதுன்னு கணக்குச் சொல்லிடும்.

சிக்கல் என்னன்னா, படலத்துல தூசி ஒட்டினா காத்தோட குளிர்ச்சி அதுக்கு உறைக்காது. "காத்து கம்மிதான் சார்"னு பொய் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பி, கரும்புகை வரக் கூடாதேன்னு டீசலைக் குறைச்சிடும். விளைவு... இழுவை அவுட்! பல நேரம் எச்சரிக்கை விளக்குகூட எரியாது. ஏன்னா சென்சார் சாகலை, உளறுது!

புகை சொல்லும் சேதி

முதல் துப்பு சைலென்ஸர்லதான். சென்சார் குறைச்சுச் சொன்னா இழுவை இருக்காது, புகையும் இருக்காது. கூட்டிச் சொன்னா கதையே வேற. "நல்ல காத்து நிறைய இருக்கே"ன்னு நினைச்சு, கழிவுப்புகையைத் திரும்ப எஞ்சினுக்குள்ள அனுப்புற இ.ஜி.ஆர். வால்வை கம்ப்யூட்டர் அதிகமா திறந்துடும். அப்போ கரும்புகை அள்ளும். டர்போ குழாய் கிழிஞ்சு காத்து கசிஞ்சாலும் கரும்புகைதான். கூடவே 'புஸ்ஸ்'னு ஒரு சத்தம் வரும்.

எங்க கார்ல துளி புகை இல்லை. நண்பன் குழாய், கிளாம்ப் எல்லாம் தடவிப் பார்த்தான். எஞ்சின் நல்லா ஆறினதும் டர்போ சக்கரத்தை விரலால சுத்தினான். ஆட்டமும் இல்லை, உரசலும் இல்லை.

ப்ளஸ் டூ கணக்கு போதும்!

அடுத்து ஸ்கேனர். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்குற சாக்கெட்ல செருகி, செல்போன்ல படிக்கிற சின்ன டப்பா. (சில பழைய கார்கள் இதுகூட பேசவே பேசாது. அதுக்குக் கம்பெனி ஸ்கேனர்தான் வேணும்.) பி0100 முதல் பி0104 வரைக்கும் ஏதாவது கோடு வந்தா இந்த சென்சார் பக்கம் பார்வையைத் திருப்பணும். எங்களுக்கு ஒரு கோடும் வரலை. பல்பு!

"கோடு இல்லைன்னா என்ன, கணக்கு இருக்கே"ன்னான். எங்க எஞ்சின் 1,400 சி.சி., நாலு சிலிண்டர். ஒரு சிலிண்டருக்கு 350 சி.சி. நம்ம மதுரை வெயில்ல ஒரு லிட்டர் காத்து சுமார் 1.15 கிராம் எடை இருக்கும். ஆக, ஒரு மூச்சுக்கு ஏறக்குறைய 400 மில்லிகிராம். சிலிண்டர் முழுசா நிறையாதுங்கறதால ஐடிலிங்ல 350-க்குப் பக்கத்துல வந்தா ஓ.கே.

ஒரு எச்சரிக்கை. இ.ஜி.ஆர். திறந்திருந்தா நிஜமாவே நல்ல காத்து குறைவாத்தான் போகும். அப்போ சென்சார் உண்மையைச் சொல்லி நம்மகிட்ட திட்டு வாங்கும்! அதனால வால்வைக் கழற்றி, கரி அடைச்சுத் திறந்து நிக்கலைன்னு உறுதி பண்ணி, திரும்ப மாட்டி, அதோட ஒயரை மட்டும் உருவிட்டோம். ஸ்டார்ட் பண்ணினா... 230!

அழகர்கோவில் ரோட்டுல அப்பா ஓட்ட, நாங்க ஸ்கிரீனைப் பார்த்தோம். டர்போ அழுத்தம் 170 கிலோபாஸ்கல் வரை ஏறுது. சாதாரண காத்தழுத்தம் 100-தான். அப்போ காத்தும் குறைஞ்சது 550 மில்லிகிராமாவது காட்டணுமே? காட்டினது 360. ரெண்டுல ஒண்ணு பொய். டர்போ செத்திருந்தா அந்த அழுத்தமே வந்திருக்காது!

கடைசிச் சோதனை ரொம்ப சிம்பிள். எஞ்சினை நிறுத்திட்டு சென்சார் ஒயரை உருவினோம். இப்போ கம்ப்யூட்டர் தனக்குத் தெரிஞ்ச ஒரு உத்தேசக் கணக்கை வெச்சு ஓட்டும். விளக்கு எரிஞ்சுது. ஆனா வண்டி பிச்சுக்கிட்டுப் போச்சு! அப்பா கண்ணாடி வழியா பின்சீட்டைப் பார்த்துச் சிரிச்சார். ஒரு வாரத்துல அதுதான் முதல் சிரிப்பு.

கையை வைக்காதீங்க பாஸ்!

* படலத்தை விரலாலயோ பட்ஸாலயோ தொடாதீங்க. தொட்டா காலி.
* ஏர் ஃப்ளோ சென்சாருக்குன்னே ஸ்பிரே இருக்கு. அதைத்தான் அடிக்கணும். கார்புரேட்டர் கிளீனர் வேண்டவே வேண்டாம். நல்லா காயவிட்டு மாட்டுங்க.
* ஒயரை உருவினா இழுவை கூடுதுங்கறது சந்தேகத்தை உறுதியாக்கும். ஆனா அதுவே தீர்ப்பில்லை. கனெக்டர்ல கரண்ட் வருதான்னு மீட்டர் வெச்சுப் பாருங்க.
* புதுசு வாங்கும்போது பழசோட பார்ட் நம்பர் அப்படியே பொருந்தணும்.
* ஓட்டுறவர் ஸ்கிரீனைப் பார்க்கக் கூடாது. அதுக்கு பக்கத்துல ஆள் வேணும்.

எங்களுக்கு ஸ்பிரே அடிச்சதுல 290 வரை வந்துச்சு. அதுக்கு மேல ஏறலை. புது சென்சார் மாட்டி, இ.ஜி.ஆர். ஒயரைத் திரும்பச் செருகுறதுக்கு முன்னாடி பார்த்தா 350! செலவு டர்போ பில்லுல ஆறுல ஒரு பங்குகூட இல்லை. குற்றவாளி யாருன்னும் தெரிஞ்சுது. விலை கம்மின்னு நாங்க மாட்டின ஏர் ஃபில்டர். ஓரத்து ரப்பர் சரியா உட்காராம, அந்த இடுக்குல ரோட்டுத் தூசி முழுக்க உள்ளே போயிருக்கு. நாம மிச்சம் பிடிச்ச காசு இப்படித்தான் நம்மையே கடிக்கும்!

தங்கச்சி கடைசித் தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஃபீஸ் கட்டிட்டா.

மெக்கானிக் அண்ணன்கிட்ட போய்ச் சொன்னோம். சண்டைக்கு இல்லை. டர்போ போனாலும் இதே அறிகுறிதான், அவர் ஏமாத்தலை. கதையைக் கேட்டுட்டுக் கையைத் துடைச்சவர், ஸ்டூலை இழுத்துப் போட்டு என் நண்பனைப் பார்த்துச் சொன்னார். "அந்த 350 எப்படி வந்துச்சுன்னு எனக்கும் ஒருவாட்டி சொல்லிக் குடு தம்பி."